நான் பெய்ய வச்ச மழை

இப்போ தாண்டுனோமே, ரோட்டோரத்துல ஒரு பெரிய போர்டு, பாத்தீங்களா அண்ணாச்சி? அடுக்குமாடி வீடு, நல்ல மழை, ஒரு பெரியவர் குடை பிடிச்சிகிட்டு நடந்து போவாரு. பாக்காம எப்படி, நீங்க ஜன்னலோரம்லா இருக்கீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த மழை நிஜ மழை மாதிரி இருந்துச்சா, இல்லையா?

சரி, சரி. போட்டோன்னுதான நினைச்சீங்க? அது போதும் எனக்கு. அது போட்டோ இல்ல அண்ணாச்சி. அந்தக் கட்டடம் இன்னும் கட்டவே இல்ல. அந்த இடத்துக்கு இப்போ போனா உடைமுள்ளும் ஒரு தகர செட்டும்தான் கிடக்கும். எல்லாம் கம்ப்யூட்டர்ல செஞ்சது. கட்டடமும் நான் செஞ்சது, மழையும் நான் பெய்ய வச்சது. என் பேரு ஆல்வின். பாளையங்கோட்டை. பில்டருங்க பிளானைக் கொடுப்பாங்க, கட்டி முடிச்சா எப்படி இருக்கும்னு நான் படம் செஞ்சு கொடுப்பேன். அதான் தொழிலு.

அந்தக் குடை பிடிச்சிருக்க பெரியவர் மட்டும் நிஜம். அவர் என் மாமனாரு.

அவரைப் பாத்துட்டுத்தான் இப்போ வாரேன். தூத்துக்குடியில என் மச்சினன் வீட்டுல இருக்காரு. நீங்க கேக்கலைன்னாலும் நான் சொல்லுவேன் அண்ணாச்சி, மனசு ஒரு மாதிரியா கிடக்கு. நீங்க வயசுல மூத்தவங்க. கேட்டுட்டு நியாயம் யார் பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

அந்த பில்டர் ஆபீஸ் மேனேஜர் நெல்சன்னு ஒருத்தரு. சித்திரை மாசம், மண்டை காயுத வெயிலு, என்னைக் கூப்பிட்டு மழைப் படம் வேணும்னாரு. அந்தப் பெரிய வெள்ளத்துக்கு அப்புறம் வீடு பாக்க வாரவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்காங்களாம், மழைக்கு இங்க தண்ணி நிக்குமான்னு. அதனால கொட்டுற மழையில வீடு ஜம்முனு நிக்குத மாதிரி ஒரு படம். பாத்தாலே பயம் போயிரணும்னாரு. நானும் செஞ்சு கொண்டுபோய்க் காட்டுனேன். நெல்சன் பாத்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா? "ஆல்வின், என்னப்பா இது, பழைய டி.வி.யில கோடு விழுந்த மாதிரி இருக்கு"ன்னாரு. ஆபீஸ்ல இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. காபி கொண்டுவந்த அக்காகூட எட்டிப் பாத்துச் சிரிச்சாங்க.

எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனா ஒண்ணு, அவர் சொன்னது சரி. நான் எல்லாரும் செய்யுத மாதிரிதான் செஞ்சிருந்தேன். படத்துக்கு மேல வெள்ளைக் கோடா இழுத்து விட்டுட்டு மழைன்னு சொல்லிட்டேன். மழை அப்படி இல்ல அண்ணாச்சி. மழை பெய்யும்போது நாம மழையையா பாக்கோம்? மழை பட்ட எடத்தைத்தான் பாக்கோம். சிமிண்டுத் தரை கருத்துப் போவும். சுவரு அடியில மட்டும் தெறிச்சு நனைஞ்சிருக்கும், மேல காஞ்சிருக்கும். தூரத்துல இருக்க மரம் சாம்பலா மங்கிப் போவும். தரையில லைட் வெளிச்சம் நீளமா இழுபட்டுக் கிடக்கும். பக்கத்துல விழுத துளி பெருசா, கலங்கலா தெரியும், தூரத்துத் துளி தூசி மாதிரி. இதையெல்லாம் ஒண்ணொண்ணா, ஒண்ணுமேல ஒண்ணு தனித்தனி அடுக்கா வைக்கணும். லேயர்னு சொல்லுவோம். அப்போதான் பாக்குதவனுக்கு உடம்பு சிலிர்க்கும்.

இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரல. சித்திரையில மழைக்கு எங்க போறது? எங்க வீட்டு போர்டிகோவுல ஓஸ் பைப்பைப் பிடிச்சுத் தண்ணி அடிச்சு, படுத்துக் கிடந்து பாத்துப் பாத்துப் படிச்சது. என் வீட்டுக்காரி ஹெப்சி கத்துவா. "கார்ப்பரேசன் தண்ணி எப்போ வரும்னு தெரியல, இருக்கத் தண்ணியைத் தரையில ஊத்திட்டு அதையே பாத்துகிட்டுக் கிடக்கீங்களே"ன்னு. அவ கணக்கு டீச்சரு. ஸ்கூல் லீவு. வீட்டுலதான் இருந்தா. அவளுக்கு எல்லாமே கணக்கு.

மாமாதான் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. என் மாமி போனதுக்கு அப்புறம் மாமா எங்ககூடத்தான் இருந்தாரு. பேரு வேதமாணிக்கம். கரண்டு ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. காலம்பூரா போஸ்ட் கம்பத்துல ஏறுன மனுஷன், புயல்லயும் மழையிலயும். ஒருநாளும் கீழ விழுந்ததில்ல. இதை மனசுல வச்சுக்கிடுங்க. நான் ஏன் சொல்லுதேன்னு அப்புறம் தெரியும். நான் தரையில படுத்துக் கிடப்பேன்லா, அவர் ஒரு சேரைப் போட்டுப் பக்கத்துல இருந்து பேப்பர் படிப்பாரு. "மாப்பிள, பைப்பை நான் பிடிக்கட்டுமா?"ம்பாரு. அந்த வீட்டுல எனக்குன்னு இருந்த ஒரே ஆளு அவருதான்.

ரெண்டாவது தடவை கொண்டுபோனப்போ நெல்சன் சிரிக்கல. படத்தைப் பெருசாக்கிப் பாத்தாரு, சின்னதாக்கிப் பாத்தாரு. "மழை வந்துட்டுய்யா"ன்னாரு. ஆனா அடுத்தாப்ல, "ஆள் இல்லாம ஊரு காலியா போன மாதிரி இருக்கு. ஒரு ஆளைப் போடு. வெள்ளைக்காரனைப் போட்டுறாதே. நம்ம ஊரு ஆளு"ன்னாரு. கம்ப்யூட்டர்ல போடுததுக்கு ஆள் படமெல்லாம் கடலாட்டம் கிடக்கு, ஆனா பூரா கோட்டு போட்ட வெளிநாட்டு ஆளுக. அப்போதான் எனக்கு மாமா ஞாபகம் வந்தது. ஒசரமா, நரைச்ச முடி, கம்பு மாதிரி நிமிந்த நடை.

போட்டோ எடுத்து வைக்கட்டுமா மாமான்னு கேட்டேன். உடனே சரின்னுட்டாரு. "நான் போர்டுல வரப்போறேனா?"ன்னு படம் எடுக்க அன்னைக்குக் காலையிலேயே குளிச்சு, வெள்ளைச் சட்டை தேய்ச்சுப் போட்டு நிக்காரு. நான் கட்டாயப்படுத்தல, பாத்துக்கிடுங்க. சந்தோஷமா வந்தாரு.

அவர் எப்பவும் போடுதது ரப்பர் செருப்பு. அந்த மாதிரி வீட்டு வாசல்ல ரப்பர் செருப்போட ஒரு ஆள் நடந்தா நல்லாவா இருக்கும்? என் கல்யாண ஷூவை எடுத்துக் கொடுத்தேன். தோல் ஷூ, அடியும் தோலு, நான் யாருக்கும் கொடுக்காதது. அவருக்குக் கொஞ்சம் லூசுதான். முன்னால பஞ்சு வச்சுக் கொடுத்தேன். அவ்வளவு கவனமாத்தான் பாத்துகிட்டேன்.

தரைதான் பிரச்சினை. அந்த வெயிலுக்குத் தண்ணி ஊத்துன உடனே காஞ்சு போவுது. ஒருபக்கம் நனைச்சு முடிக்கும்போது மறுபக்கம் வெள்ளையாயிருது. போட்டோ எடுக்கவங்க ஒரு வழி வச்சிருக்காங்க. தண்ணியில கொஞ்சம் கிளிசரின் கலந்து அடிச்சா காயாது. துளி துளியா நிக்கும், கண்ணாடி மாதிரி மின்னும். நான் நல்லா கலந்து டைல்ஸ் பூரா அடிச்சுட்டேன். அண்ணாச்சி, நீங்க பாத்திருக்கணும் அதை! வெயில் காலத்துல என் வாசல்ல மட்டும் ஐப்பசி மாசம். மாமாவோட நிழல் தலைகீழா தரையில அப்படியே நிக்கு, வெள்ளைச் சட்டை, கருப்புக் குடை எல்லாம்.

நடக்கச் சொன்னேன். நடந்தாரு. மெதுவா, பாத்துப் பாத்து. காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு வச்சாரு. வயசானவங்க கோயில்ல நடக்க மாதிரி. அதுல மழை இல்ல. மழையில நடக்கவன் ஒதுங்கதுக்கு ஓடணும்லா? "மாமா, கொஞ்சம் வேகமா"ன்னேன். திரும்பவும் நடந்தாரு. "இன்னும் கொஞ்சம், தரையைப் பாக்காதீங்க, நேரே பாருங்க"ன்னேன். "வழுக்குது மாப்பிள"ன்னு சொன்னாரு. சொன்னாருதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா சிரிச்சிகிட்டேதான் சொன்னாரு. சிரிச்சிகிட்டே சொல்லுததை நாம எப்படி எடுத்துக்கிடுதது? கடைசியா ஒரு தடவை மாமான்னேன். வேகமா வந்தாரு, நிமிந்து, நான் நினைச்ச மாதிரியே.

விழுந்துட்டாரு.

குடை ஒருபக்கம், அவர் ஒருபக்கம். இடுப்பு எலும்பு. அந்தச் சத்தம், வேண்டாம், விடுங்க.

ஹெப்சி உள்ள இருந்து ஓடி வந்தா. அவ வரும்போது நான் கேமராவைச் சேர்ல வச்சுகிட்டு இருந்தேன். இதைத்தான் அவ இன்னைக்கு வரைக்கும் சொல்லுதா. "அப்பா கீழ கிடக்காரு, நீங்க கேமராவை வச்சிகிட்டு நிக்கீங்க"ன்னு. அண்ணாச்சி, அது இரவல் கேமரா. ஈரத் தரையில வைக்க முடியுமா? கையில கேமராவோட ஒரு ஆளைத் தூக்க முடியுமா? வச்சுட்டுத்தான தூக்கணும்? வாரைக் கழட்டி, மூடியைப் போட்டு, வச்சுட்டுத் திரும்புதேன், அதுக்குள்ள அவ வந்துட்டா. வந்தவளுக்கும் கால் வழுக்கிட்டு. தூணைப் பிடிச்சுகிட்டா. குனிஞ்சு தரையைத் தொட்டுப் பாத்து, விரலைத் தேய்ச்சுப் பாத்து, "என்னத்தை ஊத்துனீங்க?"ன்னா.

"தண்ணி"ன்னேன்.

தண்ணிதான? கிளிசரின் அதுல எவ்வளவு இருக்கும்? அந்த நேரத்துல அதையெல்லாம் விளக்கிகிட்டா இருக்க முடியும்?

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஆபரேசன் பண்ணி பிளேட் வச்சாங்க. நல்ல டாக்டருதான், ஆனா வயசு காரணம், பழைய மாதிரி நடக்க முடியாதுன்னுட்டாரு. வாக்கர் பிடிச்சு, கூட ஆள் பிடிச்சு, வீட்டுக்குள்ள நாலு எட்டு. அவ்வளவுதான். நான் அந்த டாக்டர்கிட்டயே கேட்டேன், வயசானவங்களுக்குத் தலை சுத்தும்லா சார், அதுல விழுந்திருக்கலாம்லான்னு. இருக்கலாம்னாரு. காலம்பூரா கம்பத்துல ஏறி விழாத மனுஷன், சமதரையில விழுந்தாருன்னா வேற என்ன காரணம் இருக்க முடியும்? இதை ஹெப்சிகிட்ட சொன்னேன். அவ என்னையே பாத்தா.

மச்சினன் எட்வின் துறைமுகத்துல வேலை. அவன் வந்து, "அப்பாவை நான் கொண்டு போறேன் அத்தான்"ன்னான். மரியாதையாத்தான் சொன்னான், ஆனா மூஞ்சியைப் பாத்துச் சொல்லல. அவன் வீட்டுல கீழ்த்தளம், வசதி. சரின்னுட்டேன். பாத்துக்கிட ஆள் வேணும்னு ஹெப்சியும் கூடப் போனா. ஸ்கூல் திறந்தும் வரல. சம்பளமில்லா லீவு போட்டிருக்கா. அப்பா கொஞ்சம் தேறுனதும் வந்துருவா. சேலையெல்லாம் எடுத்துகிட்டுப் போயிட்டாதான். தூத்துக்குடியில வேர்வை ஜாஸ்தி, மாத்தி மாத்தி உடுத்த வேணும்லா.

நான் என்ன செய்ய? தனியா வீட்டுல இருந்து வேலையை முடிச்சேன். படம் எடுத்ததையெல்லாம் ஓட்டிப் பாத்தேன். முதல்ல எடுத்தது எல்லாம் உயிரில்லாம இருந்துச்சு. கடைசி ஒண்ணு மட்டும். அது விழுததுக்கு முந்தி எடுத்தது, பாத்துக்கிடுங்க, விழும்போது இல்ல. ஒரு கால் தரையை விட்டு எந்திரிச்சிருக்கு, சட்டை பின்னால பறக்கு, குடை லேசா சாஞ்சிருக்கு. நெஜமாவே மழைக்கு ஒதுங்க ஓடுத ஆளு மாதிரி. அதைத்தான் போட்டேன். அவர் காலடியில வளையம் வளையமா தண்ணி தெறிக்க மாதிரி, குடை ஓரத்துல இருந்து சொட்டுத மாதிரி, அவர் நிழல் ஈரத்துல உடைஞ்சு உடைஞ்சு தெரியுத மாதிரி எல்லாம் செஞ்சேன். என் வாழ்நாள்ல அதுதான் நான் செஞ்ச நல்ல வேலை. நெல்சன் எந்திரிச்சு நின்னு கை கொடுத்தாரு. "இந்தப் பெரியவர்தான்யா படமே"ன்னாரு. திருநெல்வேலி, தூத்துக்குடி, கோவில்பட்டி, எல்லா ரோட்டுலயும் வச்சாங்க.

ஹெப்சி அப்பாவுக்கு மருந்து வாங்கப் போறப்போ அந்த போர்டைப் பாத்திருக்கா. அங்க நின்னே போன் போட்டா. பல நாளைக்கு அப்புறம் அவ நம்பர் வருதேன்னு சந்தோஷமா எடுத்தேன். படம் நல்லா இருக்குன்னு சொல்லுவான்னு நினைச்சேன்.

"அது எந்தப் படம்?"ன்னா.

"மாமா படம்தான்"னேன்.

"அது தெரியுது. எப்போ எடுத்தது? அப்பாவோட குதிகால் திரும்பியிருக்கே, அது எப்போ எடுத்தது?"

கணக்கு டீச்சரு அண்ணாச்சி. கண்ணு அப்படி.

நான் சொன்னேன். மறைக்கல. அதுலதான் உயிர் இருந்துச்சு ஹெப்சின்னு சொன்னேன். அப்புறம், "அப்பாவை அதுல இருந்து எடுத்துருங்க"ன்னா.

எடுத்துரலாம் அண்ணாச்சி. எடுக்க முடியாம இல்ல. அவர் தனி லேயருதான். ஒரு தட்டு தட்டுனா ஆள் இருக்க மாட்டாரு. ஆனா அவரை எடுத்தா நிழலை எடுக்கணும், காலடித் தண்ணியை எடுக்கணும், அப்புறம் அங்க என்ன இருக்கு? சும்மா ஒரு கட்டடம் நனைஞ்சுகிட்டு நிக்கும். நெல்சன் விடுவாரா? ஊரெல்லாம் போர்டு வச்ச பிறகு? அதை அவகிட்ட பொறுமையா விளக்குனேன். "வேணும்னா முகத்தை மாத்திருதேன், வேற ஆள் முகத்தை வச்சிருதேன்"னும் சொன்னேன். எவ்வளவு எறங்கி வந்திருக்கேன் பாருங்க.

"முகத்தையா?"ன்னா. போனை வச்சுட்டா.

அதுக்கப்புறம் நான் போன் போட்டா அவ எடுக்கல. எட்வின் எடுத்து, அக்கா வேலையா இருக்கா அத்தான்ம்பான். சரி, நேர்லயே போவோம்னு இன்னைக்குக் கிளம்பிட்டேன். அந்தப் படத்தைப் பெருசா பிரிண்ட் போட்டு, நல்ல பிரேம் போட்டு எடுத்துகிட்டுப் போனேன். மாமா இன்னும் பாக்கல பாருங்க. வீட்டை விட்டு வெளிய வர முடியாதவரு போர்டை எங்க பாக்க?

ஹெப்சிதான் கதவைத் திறந்தா. மெலிஞ்சிருந்தா. என் கையில இருந்த பிரேமைப் பாத்தா, என்னைப் பாத்தா, வழி விட்டுட்டு அடுக்களைக்குப் போயிட்டா. எட்வின் டூட்டிக்குப் போயிருந்தான். மாமா கட்டில்ல இருந்தாரு, கால் ரெண்டையும் தொங்கப் போட்டுகிட்டு. வாக்கர் பக்கத்துல. "வாங்க மாப்பிள"ன்னாரு. எப்பவும் போல. அவர் அப்படித்தான், அவருக்கு என்மேல ஒரு வருத்தமும் கிடையாது. மத்தவங்கதான் பெருசாக்குதாங்க.

படத்தைக் கொடுத்தேன். மடியில வச்சுகிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. மழையை விரலால தடவிப் பாத்தாரு.

"மழை நல்லா இருக்கு மாப்பிள. நிஜமா பெய்யுத மாதிரியே இருக்கு"ன்னாரு.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. இத்தனை பேர் பாத்தாங்க, ஒருத்தராவது மழையைப் பத்தி ஒரு வார்த்தை வீட்டுல சொன்னாங்களா? பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். தூரத்து மரத்தை எப்படி மங்க வச்சேன், சுவரு அடியில ஈரத்தை எப்படி ஏத்துனேன், அவர் குடையில சொட்டுத துளி ஒண்ணொண்ணும் எப்படி வச்சேன். கேட்டுகிட்டே இருந்தாரு. படத்துல அவர் இருக்க எடத்துல மட்டும் கையை வச்சு மூடிகிட்டே கேட்டாரு. பிரேம் கண்ணாடியில வெளிச்சம் அடிச்சிருக்கும்.

"இதுல நான் எங்க மாப்பிள போறேன்?"னு கேட்டாரு.

"வீட்டுக்குள்ளதான் மாமா. மழைக்கு ஒதுங்குதீங்க."

தலையை ஆட்டுனாரு. படத்தைக் கட்டில்ல கவுத்து வச்சாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அடுக்களைப் பக்கம் பாத்துகிட்டே இருந்தாரு. எனக்குப் புரிஞ்சு போச்சு. "பாத்ரூம் போகணுமா மாமா? வாங்க, நான் பிடிக்கேன்"னு எந்திரிச்சுக் கையை நீட்டுனேன். மனசார நீட்டுனேன் அண்ணாச்சி. மகன் செய்ய வேண்டியதை மருமகன் செய்யுததுல என்ன இருக்கு?

"வேண்டாம் மாப்பிள, ஹெப்சி வரட்டும்."

"நான் இருக்கேன்லா மாமா. வாங்க."

அவர் என்னைப் பாக்கல. கீழ பாத்தாரு. காஞ்ச தரைதான், மொசைக்கு. ரெண்டு கையாலயும் கட்டில் சட்டத்தைப் பிடிச்சுகிட்டாரு. நான் தோளைத் தொட்டேன். சும்மா ஒரு பிடிமானத்துக்குத்தான் தொட்டேன். அதுக்கு அவர், "ஹெப்சி!"ன்னு ஒரு சத்தம் போட்டாரு. அந்தச் சத்தத்தை நான் அவர்கிட்ட கேட்டதே இல்ல. அதிர்ந்து பேசாத மனுஷன். அடுக்களையில ஏதோ பாத்திரம் விழுந்துது. அவ ஓடி வந்தா, சேலையில கையைத் துடைச்சுகிட்டே. என்னை ஒண்ணும் கேக்கல. அவரோட அக்குள்ள கையைக் கொடுத்து நிப்பாட்டுனா.

கூச்சம் அண்ணாச்சி. பழைய காலத்து மனுஷன். மருமகன் கையைப் பிடிச்சு கக்கூசுக்குப் போறதுன்னா அவங்களுக்கெல்லாம் ஒரு மாதிரி. என்மேல வச்சிருக்க மரியாதை அது. அந்த நிலைமையிலயும் பாருங்களேன்.

நான் நின்ன பக்கம்தான் பாத்ரூமுக்கு நேர் வழி. கட்டிலுக்கு அந்தப் பக்கம் சந்து மாதிரி, ஒரு நாற்காலியும் தையல் மெஷினும் வேற கிடந்துது. நான் ஒதுங்கித்தான் நின்னேன், தாராளமா போகலாம். அவர் ஹெப்சி காதுல என்னமோ சொன்னாரு. அவ நாற்காலியை இழுத்துத் தள்ளுனா, தையல் மெஷினைத் தள்ளுனா. தள்ள முடியாம தள்ளுனா. நான் உதவிக்குப் போகல, போனா எங்க விடுவாங்க. ரெண்டு பேரும் அந்தச் சந்து வழியா, சுவத்தைத் தடவித் தடவி, ஒரு எட்டு வைக்க எவ்வளவு நேரம், அப்படியே சுத்திப் போனாங்க.

மரியாதைதான் அது. நீங்க என்ன சொல்லுதீங்க அண்ணாச்சி?